சந்தையில் நல்ல வற்றல்



மிளகாய் வற்றலைப் பற்றிப் பேசுவதற்கு வானொலி நிலையம் ஓர் இடமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். கடைக்குப் போகிறோம், அரைக் கிலோ கேட்கிறோம், கடைக்காரர் நிறுத்துக் கொடுப்பதை வாங்கி வருகிறோம். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? இருக்கிறது என்று சொல்வதற்காகவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன். அதில் தாவரநூல் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது, பொருளாதாரமும் இருக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, வெயிலில் நின்று அந்தப் பழத்தைப் பறித்தவரின் வாழ்வும் அதில் அடங்கியிருக்கிறது.

‘புதிய வற்றல்’ என்ற தொடரைக் கேட்டால் சிரிப்பு வரலாம். வற்றிப்போன ஒன்றில் புதியது ஏது, பழையது ஏது என்று தோன்றும். கீரை வாடுகிறது, கத்தரிக்காய் சுருங்குகிறது, மீன் நாறுகிறது. ஆகவே அவற்றை வாங்கும்போது எல்லாரும் விழிப்பாக இருக்கிறோம். வற்றல் மட்டும் என்றைக்கும் ஒரே நிலையில் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை சரியன்று. வற்றலுக்கும் வயது உண்டு. இளமையும் உண்டு, முதுமையும் உண்டு. களத்திலிருந்து சந்தைக்கு வந்த சில வாரங்களில் அதனிடம் இருக்கும் நிறமும் மணமும், ஈரக் கிடங்கில் ஓராண்டு கிடந்த பின்பு இருப்பதில்லை.

முதலில் இக்காயின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிளகாய் நம் நாட்டுச் செடி அன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். கீழ்த்திசை நாடுகளின் பொன்னையும் நறுமணப் பொருள்களையும் நாடி 1492-இல் கப்பலேறிய கொலம்பஸ், மிளகைக் காணவில்லை, மிளகாயைக் கண்டார். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக அது நம் கடற்கரையை வந்தடைந்தது. அதற்கு முன்னர் நம் முன்னோரின் உணவுக்குக் காரம் தந்தது மிளகு. அந்த மிளகின் பெயரோடு காய் என்பதைச் சேர்த்து, புதிதாக வந்த விருந்தாளிக்கு மிளகாய் என்று தமிழர் பெயரிட்டனர். விருந்தாளியாக வந்தது வீட்டுக்கு உரிமையாளன் ஆகிவிட்டது என்பதை நம் சமையலறைகளே சொல்லும்.

தாயகமாகிய மெக்ஸிகோவில் வற்றலுக்குத் தனி மதிப்பு உண்டு. பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், வற்றிய பின்னர் வேறொரு பெயர். பொப்ளானோ என்னும் காய் பழுத்து வற்றினால் அதற்கு ஆஞ்சோ என்று பெயர். சிலாகா வற்றினால் பசில்லா ஆகிறது. ஹலபேன்யோவைப் புகையில் வாட்டி உலர்த்தினால் சிப்போட்லே ஆகிறது. வற்றலை அவர்கள் பச்சைக்காயின் மிச்சமாகக் கருதுவதில்லை. தனக்கென்று ஒரு சுவையும் மணமும் உடைய வேறொரு பண்டமாகவே கருதுகிறார்கள். நாமும் அவ்வாறே கருதத் தொடங்கினால், வாங்கும் முறையே மாறிவிடும்.

நம் சந்தைகளில் வற்றலுக்கு ஊராலும் உருவாலும் பெயர்கள் அமைந்துள்ளன. இராமநாதபுரச் சீமையின் குண்டு வற்றல் உருண்டு, தோல் தடித்து, கருஞ்சிவப்பாய் மினுங்கும். முண்டு வற்றல் என்றும் அதனைக் கூறுவர். 2023-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எண்ணெயில் தாளிக்கும்போது அது தரும் மணம் தனியானது. சம்பா வற்றல் நீண்டு மெலிந்தது. விருதுநகர் வணிகத்தில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. ஆந்திர நாட்டுக் குண்டூரிலிருந்து வரும் சன்ன வற்றல் நல்ல காரம் உடையது. கர்நாடகத்தின் பியாடகி வற்றல் தோல் சுருங்கியது. நிறம் மிகுதி, காரம் குறைவு. எனவே, “எந்த வற்றல் நல்லது?” என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை. “எந்தக் கறிக்கு எந்த வற்றல்?” என்று கேட்க வேண்டும். குழம்பின் நிறத்திற்காகப் பியாடகியையும் காரத்திற்காகக் குண்டூரையும் கலந்து அரைக்கும் இல்லத்தரசி, இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்.

வகையை அறிந்தபின் பருவத்தை அறிதல் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில் மிளகாய் பெரும்பாலும் வானம் பார்த்த பயிர். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைக்கிறார்கள். மாசி முதல் சித்திரை, வைகாசி வரையில் பழம் பறிக்கிறார்கள். குண்டூர்ப் பக்கத்திலும் ஆண்டின் முதல் சில மாதங்களே வரத்து மிகுந்த காலம். ஆகவே பங்குனியும் சித்திரையும் புதிய வற்றல் வாங்குவதற்கு ஏற்ற மாதங்கள். ஓராண்டுக்கு வேண்டிய வற்றலை அந்த மாதங்களில் வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து எடுத்து வைக்கும் நம் வீட்டு வழக்கம் வெறும் பழக்கம் அன்று. பருவத்தை அறிந்தவர்கள் வகுத்த ஏற்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் கடையில் கிடைக்கும் வற்றல் பெரும்பாலும் பல மாதங்கள் கிடங்கில் இருந்தது. குளிர்பதனக் கிடங்கில் நன்கு காத்த சரக்காயின் அது கெட்டிராது. ஆயினும் குளிரிலிருந்து வெளியே வந்ததும் அதன்மேல் ஈரம் படியும். நிறமும் விரைவில் மங்கத் தொடங்கும். அத்தகைய வற்றலை வாங்கினால் சிறிதளவே வாங்கி, வெயிலில் உலர்த்தி, விரைவில் செலவிட்டுவிட வேண்டும்.

இனி, களத்துக்குப் போவோம். வற்றலின் தரம் அங்கேயே தீர்மானமாகிறது. செடியில் நன்கு பழுத்துச் சிவந்த பழத்தைப் பறிக்க வேண்டும். அரைகுறையாகப் பழுத்ததைப் பறித்தால் நிறம் ஒரே சீராக வாராது. பறித்த பழத்தை இரண்டொரு நாள் நிழலில் குவித்து வைத்து நிறம் ஒத்துவரச் செய்வார்கள். பிறகு களத்தில் மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, இரவில் கூட்டிக் குவித்துத் தார்ப்பாயால் மூடி, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் உலர்த்துவார்கள். 100 கிலோ பழம் உலர்ந்தால் 25 முதல் 35 கிலோ வரையில் வற்றல் கிடைக்கும். அந்த நாள்களில் ஒரே ஒரு கோடைமழை பெய்துவிட்டால் போதும். பல மாத உழைப்பில் கறை விழுந்துவிடும். வெறுந்தரையில் காய்ந்த வற்றலில் மண்ணும் கல்லும் சேரும். சிமெண்டுக் களத்திலும் தார்ப்பாயின் மேலும் காய்ந்தது தூய்மையாக இருக்கும். ஒரே வயலில் விளைந்த பழம், உலர்த்திய கையின் கவனத்துக்கு ஏற்ப உயர்ந்த சரக்காகவும் ஆகலாம். தாழ்ந்த சரக்காகவும் ஆகலாம்.

இப்போது சந்தைக்குள் நுழைவோம். வற்றலைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கண், விரல், செவி, மூக்கு ஆகிய நான்கும் போதும்.

முதலில் கண். நல்ல வற்றல் அதன் வகைக்கு ஏற்ற சிவப்பில் ஒரே சீராக இருக்கும். தோலில் இயற்கையான மினுமினுப்பு இருக்கும். பழைய வற்றலில் சிவப்பு மங்கி, செங்கல் நிறத்தையோ பழுப்பையோ அடையும். மிளகாய்க்குச் செந்நிறம் தருவது காப்சாந்தின் முதலிய நிறப்பொருள்கள். ஒளியும், வெப்பமும், காற்றிலுள்ள உயிர்வளியும் அவற்றைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. ஆதலால் வெளுத்த நிறம், அந்த வற்றல் கடந்துவந்த காலத்தைக் காட்டும் கடிகாரம் எனலாம். அடுத்து, குவியலில் வெளுத்த காய்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். சோடை என்று வியாபாரிகள் ஒதுக்குவது இவற்றைத்தான். வெளுத்த இடத்தில் சிறு கரும்புள்ளிகள் வட்டமாகத் தோன்றினால், அது செடியிலேயே பழ அழுகல் நோய் தாக்கிய காய் என்று அறியலாம்.

காம்பையும் கவனியுங்கள். புதிய வற்றலின் காம்பு வைக்கோல் நிறத்திலோ, இலேசான பசுமையோடோ, காயைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டிருக்கும். பழைய வற்றலின் காம்பு கறுத்து, தொட்டாலே உதிரும். காம்பு உதிர்ந்த இடம் திறந்த கதவு. பூச்சியும் பூஞ்சையும் அவ்வழியே உள்ளே புகும். தோலில் ஊசியால் குத்தியது போன்ற சிறு துளைகள் இருந்தால், வண்டு ஏற்கெனவே குடியேறிவிட்டது என்பது பொருள்.

அடுத்தது விரல். ஒரு வற்றலை எடுத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். நன்கு உலர்ந்த வற்றல் சிறிது வளைந்து கொடுத்து, மேலும் அழுத்தினால் ஒடியும். ஈரத் துணிபோல் துவண்டு மடிந்தால் அதில் நீர் மிகுதி. தொட்டவுடன் பொடிப்பொடியாக நொறுங்கினால் அது மிகப் பழையது, அல்லது அளவுக்கு மீறிக் காய்ந்தது. மூன்றாவது செவி. குண்டு வற்றலைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதைகள் கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஒலி எழாவிடில் விதைகள் ஈரத்தால் உட்புறம் ஒட்டிக்கிடக்கின்றன என்று கொள்ளலாம்.

நான்காவது மூக்கு, இது எல்லாவற்றிலும் நுட்பமானது. ஒரு கைப்பிடி வற்றலை உள்ளங்கையில் எடுத்து, சிறிது கசக்கி முகர்ந்து பாருங்கள். புதிய வற்றலில் காரநெடியின் கீழே, வெயிலில் காய்ந்த பழத்திற்கு உரிய இனிய மணம் ஒன்று இருக்கும். பழையதில் அது இராது. வெறுந்தூசியின் மணம் இருக்கும். மழையில் நனைந்த சாக்கின் நாற்றமோ, பூட்டிக் கிடந்த அறையின் நாற்றமோ வந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் அதனைத் தொடவேண்டாம்.

இறுதியாக ஒன்றிரண்டு காய்களைக் கிள்ளி உட்புறத்தைப் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்குத் தடை சொல்லமாட்டார். விதைகள் பொன்மஞ்சளாக இருக்கவேண்டும். பழுப்பேறிக் கறுத்த விதைகள் முதுமையின் அடையாளம். வெளித்தோல் செக்கச் செவேலென்று இருக்க, உள்ளே சாம்பல் நிறத்திலோ கருநிறத்திலோ பொடி படர்ந்திருந்தால் அது பூஞ்சை. மேற்பார்வைக்கு அழகாக இருக்கும் காயிலும் இது மறைந்திருப்பதுண்டு. ஆகவேதான் கிள்ளிப் பார்க்கும் சோதனை முக்கியமாகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். “இவ்வளவு எதற்கு? நாக்கில் வைத்துப் பார்த்தால் போதாதா? காரமாக இருந்தால் நல்ல வற்றல்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். போதாது என்பதே விடை. மிளகாயின் காரத்துக்குக் காரணம் காப்சைசின் என்னும் பொருள். அது விதையில் உண்டாவதில்லை. விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய உட்சதையில் உண்டாகிறது. அந்தப் பொருள் எளிதில் சிதையாதது. நிறம் மங்கி, மணம் போன பின்னரும் காரம் நிலைத்திருக்கும். கிழட்டு வற்றலும் நாக்கை எரிக்கும். குழம்புக்கு மணமூட்டுவது அதனால் ஆகாது. காரம் மிளகாயின் வகையைக் காட்டும், வயதைக் காட்டாது. வற்றலின் வயதை அறிய நிறத்தையும் மணத்தையுமே கேட்க வேண்டும்.

சந்தையில் சில சூழ்ச்சிகளும் உண்டு. எல்லா வியாபாரிகளும் அவற்றைச் செய்கிறார்கள் என்று நான் கூறவில்லை. நாணயமான வணிகர் பலர் உண்டு. ஆயினும் மாணவர்கள் சூழ்ச்சியையும் அறிந்திருத்தல் நலம். முதலாவது சூழ்ச்சி தண்ணீர். நன்கு உலர்ந்த வற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் ஈரம் இருக்கும். மூட்டையில் திணிக்கும்போது நொறுங்காமல் இருப்பதற்கென்று தண்ணீர் தெளிப்பார்கள், எடையும் கூடும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ வற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரம் என்றால், உண்மையான மிளகாய் 9 கிலோ. தண்ணீர் தெளித்து ஈரத்தை நூற்றுக்குப் பதினாறாக உயர்த்தினால், அதே 9 கிலோ மிளகாய் ஏறக்குறைய 10 கிலோ 700 கிராம் எடை காட்டும். அந்த 700 கிராம் தண்ணீருக்கு நாம் வற்றலின் விலை கொடுக்கிறோம்.

காசு நட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. ஈரம் இருக்கும் இடத்தில் பூஞ்சை வளரும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இனத்தைச் சேர்ந்த சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. 1960-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்ததில், அவற்றுக்குத் தீனியாகப் போட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது தெரியவந்தது. அது கல்லீரலைத் தாக்குவது. நெடுநாள் உடலில் சேர்ந்தால் புற்றுநோய்க்கும் காரணமாவது. ஈரத்தில் கிடந்த மிளகாயிலும் இந்த நஞ்சு உண்டாகிறது. வறுப்பதாலோ கொதிக்க வைப்பதாலோ அது முற்றும் அழிந்துவிடுவதில்லை. பூஞ்சை பிடித்த வற்றலை வெயிலில் போட்டு, தட்டி, துடைத்துப் பயன்படுத்துவது சிக்கனம் என்று சிலர் எண்ணுகிறார்கள். பூஞ்சையைத் தட்டிவிடலாம், அது விட்டுச்சென்ற நஞ்சைத் தட்டிவிட முடியாது. ஆதலால் அத்தகைய காயை எறிந்துவிடுவதே உண்மையான சிக்கனம்.

இரண்டாவது சூழ்ச்சி எண்ணெய்ப் பூச்சு, மூன்றாவது சாயம். மங்கிய பழைய சரக்குக்கு இளமை வேடம் போட இவை உதவுகின்றன. வற்றலைக் கையில் தேய்த்தால் பிசுபிசுப்பு ஒட்டுமாயின் எண்ணெய் பூசியிருக்கலாம். லிக்விட் பாரஃபின் என்று மருந்துக் கடையில் கிடைக்கும் நிறமற்ற எண்ணெயில் பஞ்சைத் தோய்த்து வற்றலின் மேல்தோலைத் துடைத்துப் பாருங்கள். பஞ்சு சிவந்துவிடுமானால் ரோடமின் முதலிய சாயம் ஏற்றப்பட்டிருக்கிறது என்று ஐயுற வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே ஆசிரியரின் துணையோடு இதனைச் செய்து பார்க்கலாம்.

வற்றலிலேயே இவ்வளவு ஐயங்கள் என்றால், தூளில் எத்தனை இருக்கும்? காயைப் பார்த்து, வளைத்து, குலுக்கி, கிள்ளிப் பார்க்கலாம். தூளை என்ன செய்வது? 2003-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் இறக்குமதியான மிளகாய்த்தூளில் சூடான் என்னும் சாயம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அது மெழுகுக்கும் எண்ணெய்க்கும் நிறமூட்டும் தொழிற்சாலைச் சாயம், உணவுக்கு உரியதன்று. 2005-இல் அதே சாயம் கலந்த தூள் ஒரு குழம்புச் சாறு வழியாகப் பரவியதால், பிரிட்டன் நாட்டுக் கடைகளிலிருந்து 400-க்கும் மேற்பட்ட உணவுப் பண்டங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. முழு வற்றலாக வாங்கி, மாவு மில்லில் நம் கண்முன் அரைத்து வரும் பழக்கத்தைக் கைவிடாதிருப்பது நல்லது.

சந்தையில் எவரிடம் வாங்குவது என்பதும் ஒரு கலை. மதுரைக் கீழமாசி வீதி போன்ற பலசரக்குக் கடைத்தெருவிலாயினும், சிற்றூரின் வாரச் சந்தையிலாயினும், சரக்கு விரைவில் விற்றுத்தீரும் கடையை நாடுங்கள். ஒரே மூட்டை பல மாதம் வெயிலில் திறந்து கிடக்கும் கடையில் நிறம் தங்காது. கடைக்காரரிடம், “அண்ணாச்சி, இது எந்த ஊர்ச் சரக்கு? இந்த வருசத்துக் காயா, போன வருசத்ததா?” என்று கேளுங்கள். ஊரும் பருவமும் சொல்லத் தெரிந்தவர் தம் சரக்கை அறிந்தவர். மூட்டையின் மேற்பரப்பில் இருப்பதை மட்டும் பாராமல், கையை உள்ளே விட்டு நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பாருங்கள். முதலில் 100 கிராம் வாங்கி வீட்டில் தாளித்துப் பாருங்கள். மனத்துக்குப் பிடித்தால் மறுநாள் சென்று வேண்டிய அளவு வாங்கலாம்.

முகவை மாவட்டத்து வாரச் சந்தை ஒன்றில், தன் நிலத்து வற்றலைத் தானே கொண்டுவந்து விற்ற ஒரு மூதாட்டியைக் கண்டேன். சாக்கின்மேல் குண்டு வற்றலைச் சிறு குவியலாகக் குவித்திருந்தார். சோடையைப் பொறுக்கித் தனியே வைத்திருந்தார். அருகிலிருந்த வியாபாரியின் விலையைவிட அவர் சொன்ன விலை சற்றுக் கூடுதல். ஏன் என்று கேட்டேன். “இது மாசிக் காயி, தம்பி. தார்ப்பாயில போட்டுக் காயவச்சது. அங்க இருக்கது போன வருசத்துக் காயி. ரெண்டும் செவப்பாத்தான் இருக்குன்னு ஒரே வெலைக்குக் கேக்குறாக. அப்புறம் நா எதுக்குப் பொறுக்கணும்?” என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியைக் கல்லூரி மாணவர்கள் கருத்தூன்றிச் சிந்திக்க வேண்டுகிறேன். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதே கேள்வியை ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு பழைய மோட்டார் கார்களின் சந்தை. நல்ல சரக்கையும் தீய சரக்கையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், அவர் இரண்டுக்கும் நடுத்தரமான ஒரே விலையைத்தான் கொடுப்பார். அந்த விலை நல்ல சரக்கு உடையவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். தீய சரக்கு உடையவருக்கு அது இலாபம். அவர் நிலைத்து நிற்பார். நாளடைவில் சந்தையில் தீய சரக்கே மிஞ்சும். இவ்வாராய்ச்சி வழிவகுத்த துறைக்காக 2001-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது. கட்டுரையைப் படித்தறியாத அந்த மூதாட்டி, தம் சாக்கின்முன் அமர்ந்து அதே உண்மையை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, வற்றலை அறிந்து வாங்குவது நம் வீட்டுக் குழம்பின் சுவைக்காக மட்டும் அன்று. நாம் முகர்ந்து பார்த்து, கிள்ளிப் பார்த்து, நல்லதற்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கும்போது, அந்த இரண்டு ரூபாய் களத்துக்குச் சென்று ஒரு செய்தி சொல்கிறது. ‘நீ பொறுக்கியது வீண்போகவில்லை, தார்ப்பாய் விரித்தது வீண்போகவில்லை, மழைமேகம் கண்டு ஓடிச்சென்று அள்ளியது வீண்போகவில்லை’ என்று அது சொல்கிறது. நிறத்தை மட்டும் பார்த்து மலிவை நாடும்போது நாம் சொல்லும் செய்தி வேறு. ‘உழைப்பு வேண்டாம், சாயம் போதும்’ என்பது அது. சட்டமும் உணவுப் பாதுகாப்பு அலுவலரும் கலப்படத்தைத் தண்டிக்கலாம். நல்ல உழவருக்கு உரிய விலை கிடைக்கச் செய்ய வாங்குபவரின் அறிவும் வேண்டும்.

வாங்கிய வற்றலைக் காப்பது பற்றி ஒரு சில சொற்கள். வீட்டுக்கு வந்ததும் ஒன்றிரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்துங்கள். சூடு ஆறிய பின்னரே பாத்திரத்தில் இடவேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். காம்பைக் கிள்ளாமல் வையுங்கள்; சமைக்கும்போது கிள்ளிக்கொள்ளலாம். காற்றுப் புகாத தகர டப்பா சிறந்தது. கண்ணாடிச் சீசாவாயின் இருட்டான அலமாரியில் வையுங்கள், அடுப்பருகே வைக்கவேண்டாம். மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறையும், நடுவில் வெயில் கண்ட நாளில் ஒருமுறையும் எடுத்துக் காயவைத்தால், அடுத்த பங்குனி வரையில் அது தன் குணம் குன்றாது நிற்கும்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை உங்கள் தாயார் கடைக்குச் சென்று வற்றல் வாங்கிவரச் சொல்லும்போது, அதனைச் சிறு வேலை என்று எண்ணாதீர்கள். ஒரு வற்றலை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், வளைத்துப் பாருங்கள், குலுக்கிக் கேளுங்கள், முகர்ந்து பாருங்கள், கிள்ளிப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்ததைக் கடைக்காரரும் அறியட்டும். பையில் நல்ல வற்றலோடு நீங்கள் திரும்பினால், அதனை உலர்த்தியவருக்கும் அன்று நல்ல விலை கிடைத்திருக்கும்.